காசு கொடுத்தால் மணி அடிக்கலாம்!

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். ஸ்வான் நதிக்கரையில் கண்ணாடியும் செம்புத் தகடுமாக, 82.5 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால், ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். அதோடு விடுவதில்லை. மணியடிக்கும் அனுபவத்துக்கென்று கட்டணம் கட்டியவர்கள் கையில் ஒரு கயிற்றைக் கொடுக்கிறார்கள். 'ம்... இழுங்க!' இழுத்தால், மேலே எங்கேயோ 'டாங்ங்ங்...'! உடனே சிரிப்பு, கைதட்டல், செல்போனில் படம். அவ்வளவுதான், அடுத்த ஆள் வரலாம்!

'இதிலென்ன சரித்திரம்?' என்று கேட்பீர்கள். அந்தக் கோபுரத்து மணிகளில் 12, லண்டனிலிருந்து வந்தவை. இன்றைய டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டியிருக்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒலித்தவை. 1725-க்கும் 1770-க்கும் இடையே வார்க்கப்பட்டவை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பார்த்துவிட்டு கேப்டன் குக் 1771-ல் ஊர் திரும்பியபோது ஒலித்த மணிகள் இவை. மன்னர்கள் முடிசூடிய நாட்களிலும் ஒலித்தவை. அப்பேர்ப்பட்ட மணியை, அரைக்கால் டிரவுசர் போட்ட டூரிஸ்ட் ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு இழுக்கலாமா? இது நியாயமா?

பதில் சொல்வதற்கு முன், இங்கிலாந்துக்காரர்கள் மணியடிக்கும் லட்சணத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால், உலகத்தில் இப்படி அடிப்பவர்கள் ரொம்பக் குறைவு!

நம் ஊர்க் கோயிலில் மணியின் நாக்கைக் கயிற்றால் இழுத்து அடிப்போம். ஐரோப்பாவின் பல தேவாலயங்களில் மணியையே ஊஞ்சல் மாதிரி ஆட்டுவார்கள். இங்கிலாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மணியைப் பெரிய மரச் சக்கரத்தோடு பொருத்தி, முழு வட்டம் சுற்ற வைத்துவிட்டார்கள்! அடிக்கத் தயாராக இருக்கும்போது மணி தலைகீழாக, வாய் வானத்தைப் பார்த்து நிற்கும். கயிற்றை இழுத்தால், கீழே பாய்ந்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி தலைகீழாக வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரு 'டாங்'. செயின்ட் மார்ட்டின் மணிகளில் பெரியதன் எடை சுமார் ஒன்றரை டன். இப்படிச் சுற்றுவது ஒரு காரின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவ்வளவு கனத்தை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ, அவசரப்படுத்தவோ முடியாது. உச்சியில் நிற்கும்போது ஒரு கணம் தாமதிக்கலாம், அல்லது ஒரு கணம் முந்தலாம். அவ்வளவுதான் மனிதனுக்குக் கிடைக்கும் சுதந்திரம். அதனால் சினிமாப் பாட்டெல்லாம் வாசிக்க முடியாது. 'சரி, பாட்டு வேண்டாம், கணக்குப் போடுவோம்' என்று 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர்கள் இறங்கிவிட்டார்கள்!

மூன்று மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் 1-2-3. அடுத்த சுற்றில் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாறும்: 2-1-3. பிறகு 2-3-1, 3-2-1, 3-1-2, 1-3-2. மொத்தம் ஆறு வரிசை. வந்த வரிசை திரும்ப வரக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மறுபடி 1-2-3-க்கு வந்து சேர வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். நான்கு மணி என்றால் 24 வரிசை. ஐந்துக்கு 120. ஆறுக்கு 720. ஏழுக்கு 5,040! பன்னிரண்டு மணிகளுக்கு 47 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். அதை ஒரு முழு ஆட்டமாக அடித்து முடிக்க ஓர் ஆயுளில் பாதி போய்விடும்.

ஃபேபியன் ஸ்டெட்மன் என்பவர் 1677-ல் இதைப் பற்றி 'கேம்பனலோஜியா' என்று ஒரு புத்தகமே எழுதினார். கணித மேதைகள் 'குரூப் தியரி' என்ற துறையை உருவாக்கியது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துத்தான். அதன் சில அடிப்படை விஷயங்களை அந்த மணியடிப்பவர்கள் தங்களை அறியாமலேயே கையாண்டிருக்கிறார்கள்!

1715, மே 2-ம் தேதி. நார்விச் நகரின் செயின்ட் பீட்டர் மேன்கிராஃப்ட் தேவாலயத்தில் அந்த 5,040 வரிசைகளையும் பிழையில்லாமல் அடித்து முடித்தார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பேப்பரைப் பார்த்து அடிக்கக் கூடாது, எல்லாம் மனசுக்குள்ளேயே ஓட வேண்டும். 1963 ஜூலையில் லஃப்பரோவில் எட்டுப் பேர் எட்டு மணிகளில் 40,320 வரிசைகளையும் முடித்தார்கள். மாற்று ஆள் கிடையாது. ஏறக்குறைய 18 மணி நேரம்!

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். 'புனிதமான மணியைக் காசுக்கு விற்கலாமா?' என்று யாராவது பொங்கினால், பழைய தேவாலயக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். ராஜா பிறந்தநாளுக்கு மணியடித்தவர்களுக்கு இவ்வளவு, நவம்பர் 5-ம் தேதி (பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்ட நாள்) அடித்ததற்கு இவ்வளவு, பீருக்கு இவ்வளவு என்று வரவு செலவு பக்காவாக எழுதியிருக்கும். 18-ம் நூற்றாண்டில் மணியடிப்புப் போட்டிகள் ஊருக்கு ஊர் நடந்தன. பரிசு? நல்ல தொப்பி! மணிக்கூண்டுகளில் அவர்கள் வைத்திருந்த ராட்சத பீர் ஜாடிகள் இன்றும் சில இடங்களில் இருக்கின்றன. மேலே மணியை ஜோராக அடித்துவிட்டு, கீழே பிரசங்கம் தொடங்கும் நேரத்தில் நழுவிவிடுகிற ஆசாமிகள் அவர்கள். 19-ம் நூற்றாண்டில் பாதிரியார்கள் இதைப் பார்த்துப் பல்லைக் கடித்து, விதிமுறைகள் போட்டு, குடிகாரர்களை வெளியேற்றி, மணிக்கூண்டை 'சுத்தம்' செய்தார்கள். 1891-ல் மணியடிப்பவர்களுக்கென்று மத்திய கவுன்சிலே உருவானது. ஆக, மணிக்கும் பணத்துக்கும் உள்ள சிநேகம் டூரிஸ்ட்டுகள் கொண்டுவந்ததல்ல.

பெர்த் கதையிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு. 1988-ல் ஆஸ்திரேலியாவின் ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு 200 ஆண்டு நிறைவு. அதையொட்டி செயின்ட் மார்ட்டின் மணிகள் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாக வந்தன. பதிலுக்கு, லண்டனில் புதிய மணிகள் வார்க்க மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கங்களின் செம்பும் வெள்ளீயமும் போயின. வந்த மணிகளுக்கோ வீடில்லை! பல வருடங்கள் சும்மா கிடந்தன. கடைசியில் அரசாங்கம் சுமார் 55 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவழித்து, 2000 டிசம்பரில் கோபுரத்தைத் திறந்தது. மேலும் 6 மணிகள் சேர்ந்து மொத்தம் 18. 'மக்கள் பணத்தில் மணிக்கூண்டா?' என்று ஊரே கத்தியது. அந்தச் செலவுக்குச் சொல்ல இருந்த பதில்களில் டூரிஸ்ட்டின் டிக்கெட்டும் ஒன்று.

சரி, அந்த டிக்கெட்டுக்கு நிஜமாகவே என்ன கிடைக்கிறது? ஒரு மணி, ஒரு கயிறு, ஒரு சத்தம். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் கண்கொத்திப் பாம்பாக நிற்பார். காரணம் இருக்கிறது. தலைகீழாக நிற்கும் மணி தாண்டிப் போகாமல் தடுப்பது ஒரே ஒரு மரத்தடி. வேகம் தெரியாமல் இழுத்தால் அது ஒடியும். மணி போக்கில் கயிறும் 'விர்ர்'ரென்று மேலே போகும். பிடியை விடாதவர் கயிற்றோடு சேர்ந்து மேலே போவார்! ஒரு மணியைத் தனியாகக் கையாளப் பழகவே 10, 15 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களோடு சேர்ந்து, வரிசை மாற்றி அடிக்கும் வித்தை. அரை மணி நேர அனுபவத்தில் அதன் வாசலைத்தான் எட்டிப் பார்க்க முடியும்.

அப்படியானால் இது ஏமாற்று வேலையா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். இந்தக் கலைக்கு இன்று பெரிய பஞ்சம், மணிகளுக்கு அல்ல... ஆட்களுக்கு!

முதல் உலகப் போரில் சுமார் 1,400 மணியடிப்பவர்கள் மாண்டுபோனார்கள். எத்தனையோ கிராமங்களில் கயிறு மட்டும் தொங்கியது. இரண்டாம் உலகப் போரில் வேறு சோதனை. 1940 ஜூனில் பிரிட்டிஷ் அரசு மணியடிக்கத் தடை போட்டது. ஜெர்மானியர்கள் பாராசூட்டில் குதித்தால் மட்டும் அடிக்கலாம்! எல் அலமைன் வெற்றிக்காக 1942 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க மணிகள் ஒலித்தன. தடை 1943-ல்தான் நீங்கியது. 2017-ல், 1570-லிருந்து மணி வார்த்துவந்த லண்டனின் ஒயிட்சேப்பல் வார்ப்படச்சாலையும் இழுத்து மூடப்பட்டது. 'பிக் பென்' மணி பிறந்த இடம் அது.

ஆனால், மறு பக்கமும் இருக்கிறது. 2018-ல், முதல் உலகப் போர் முடிந்த நூற்றாண்டு. மாண்டுபோன 1,400 பேருக்குப் பதிலாக 1,400 புதியவர்கள் கயிற்றைப் பிடிக்க வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார்கள். இலக்கைத் தாண்டி ஜனங்கள் வந்து குவிந்தார்கள்! அதற்கு முன் மணிக்கூண்டுப் படியை மிதித்தே அறியாதவர்கள் பலர். 2023-ல் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு விழாவுக்கும் இதே மாதிரி ஆள் திரட்டினார்கள். ஆக, ஜனங்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

டிக்கெட் அந்தக் கதவாக இருக்கலாம். நூறு டூரிஸ்ட்டுகள் இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதில் ஒருவர் ஊர் திரும்பி, தன் தெருமுனை தேவாலயத்தில், பயிற்சி நடக்கும் மாலையில் தயங்கித் தயங்கிப் படியேறினால் போதும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டிக்கெட் கூட்டம் நன்றாக வருகிறதே, இதுவே போதும் என்று நிர்வாகம் திருப்திப்பட்டுவிட்டால், ஒவ்வொரு மணியாக 'டாங்' சத்தம் மட்டும் மிஞ்சும். 5,040 வரிசைகளையும் மனசுக்குள் சுமக்கிற அந்த ஏழெட்டுப் பேர் இருக்க மாட்டார்கள்.

மணியைச் செம்பும் வெள்ளீயமும் கொடுத்து வாங்கிவிடலாம். கோபுரத்தை டாலர் கொடுத்துக் கட்டிவிடலாம். பக்கத்தில் நிற்பவரின் கயிற்றைப் பார்த்தே நம் முறை எப்போது என்று தெரிந்துகொள்ளும் கூட்டாளிகளை, எந்த கவுன்ட்டரிலும் விற்பதில்லை!