பருவமற்ற கள்: ரெங்கம் தோட்டப்புறத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சங்க இலக்கியம் பயிற்றுவிக்கும் ஆசிரியர் எவரும் கள்ளைக் கடந்து செல்லுதல் இயலாது. புறநானூற்றின் 235ஆம் பாடலில் அதியமானின் மறைவுக்கு இரங்கும் ஔவையார், அவனது கொடைத்திறத்தைக் கள்ளிலிருந்தே நினைவுகூரத் தொடங்குகிறார். குறைவாகக் கிடைத்தபோது பாடுவோர்க்கே ஈந்தான். மிகுதியாகக் கிடைத்தபோது அவர்தம் பாட்டோடு தானும் பகிர்ந்து உண்டான் என்பது அவர் தரும் சான்று. ஜொகூர் மாநிலத்து ரெங்கம் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் சிலர் அமர்ந்திருந்த வகுப்பொன்றில் இப்பாடலை நடத்தியபோது, இக்கட்டுரையாளர் எதிர்பாராத ஓர் அமைதி நிலவியது. பின்னர் ஒரு மாணவர், “எங்கள் தாத்தாவின் சம்பளம் கள்ளுக்கடையோடு போயிற்று, ஐயா” என்றார். நம்மில் பலர் இத்தகைய பாடல்களை விரைந்து கடப்பதற்கும், கள்ளைத் ‘தேறல்’ என்று கூறி நாகரிகப்படுத்துவதற்கும் காரணம் இவ்வமைதியே எனலாம். அவைக்களத்தில் பெருமையாயிருந்த ஒரு குடிவகை தோட்டத்து லயத்தில் இழுக்காக மாறியது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

பண்டைத் தமிழகம் இருவகை மதுவை அறிந்திருந்தது. யவனர் கலங்களில் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் கிடைத்த ‘ஆம்போரா’ சாடிகளின் உடைந்த பகுதிகள் இவ்வணிகத்திற்குச் சான்றாகும். திராட்சை மது கடல் கடக்க வல்லது. கள்ளோ அத்தகையதன்று. பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியைச் சீவிச் சாறு இறக்கப்படுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது இனிப்பாகவே நிற்கும். தடவாவிடில் காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதியங்கள் சில மணி நேரத்திலேயே அதனைப் புளிக்கச் செய்கின்றன. ஒரு நாளுக்குள் சாராயச் சத்து ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காட்டை எட்டும். மேலும் விட்டுவைத்தால் காடியாகிவிடும். ஆகவே கள் பிறந்த ஊரிலேயே, பிறந்த நாளிலேயே அருந்தப்படுவது.

ஜெர்மனியில் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், இளவேனில் விடுமுறையொன்றில் இக்கட்டுரையாளர் ரைன் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களைக் காணச் சென்றதுண்டு. அங்குள்ள உழவர்கள் தாம் விளைவித்த மதுவைத் தம் வீட்டு முற்றத்திலேயே விற்கும் ‘ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட்’ என்னும் கடைகள் ஆண்டுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் திறந்திருத்தலாகாது. கடை திறந்திருப்பதை வாயிலில் தொங்கும் தழைக்கொத்து உணர்த்தும். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடைக் கொடியே அப்போது நினைவுக்கு வந்தது. ரெங்கம் நினைவுக்கு வரவில்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழகத்துப் பனைக்கும் ஒரு பருவம் உண்டு. வேனிற் காலமே அது சுரக்கும் காலம். மலாயாவுக்கு வந்த தமிழருக்கு வாய்த்ததோ தென்னை. ஆண்டு முழுவதும் பாளை விடும் மரம் அது; வேனிலும் கூதிரும் அதற்கில்லை. 1909இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றபின் ரெங்கம் போன்ற நிலையங்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கள்ளுக்குரிய பருவத்தை இனிக் கதிரவன் வகுக்கவில்லை. சம்பள நாள் வகுத்தது. மலாயாத் தோட்டங்களில் அரசின் உரிமம் பெற்று நிருவாகங்களே கள்ளுக்கடை நடத்தின. கடை இருந்தால் ஆள் நிலைப்பான் என்பது துரைமார் கணக்கு. இலாபத்திலிருந்து கோயில் திருவிழா முதலியவற்றுக்குப் பணம் அளிக்கப்பட்டதும் உண்மையே. எனினும், தோட்டம் கொடுத்த கூலியின் ஒரு பகுதி தோட்டத்துக் கடைக்கே திரும்பி, அதில் ஒரு சிறு பங்கு ‘நலநிதி’ என்னும் பெயரில் மீண்டும் தொழிலாளிக்கு வந்த இச்சுழற்சியைக் கொடை எனல் பொருந்தாது. ஔவையார் பாடியது ஈவோன் ஒருவனின் கள். தோட்டத்தில் இருந்தது கணக்குப் புத்தகத்தின் கள். இழுக்கு பிறந்த இடம் குடியன்று, அதன் உடைமையே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தொழிலாளர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தோர், சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலியையும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதையும் கேட்ட அதே பட்டியலில், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். மானத்தையும் கள்ளையும் அவர்கள் ஒரே கோரிக்கையாகக் கண்டமை கூர்ந்து நோக்கத்தக்கது. போருக்குப்பின் கெடாவில் ஹார்வார்டு தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடை மறியலை முன்னெடுத்தது. 1947 பிப்ரவரி 28இல் பீடோங்கில் மறியல் செய்தோர் காவல்துறையோடு மோத நேர்ந்து உயிரிழப்பிலும் முடிந்தது. இவற்றை ஒழுக்கச் சீர்திருத்த இயக்கங்கள் என்று மட்டும் எழுதுவது அவற்றின் அரசியலைக் குறைத்து மதிப்பதாகும்.

இன்று ரெங்கத்தைச் சூழ்ந்து நிற்பது பெரும்பாலும் செம்பனை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தில் அந்நாட்டார் கள் இறக்குகின்றனர்; இங்கோ அதன் பழக்குலை மட்டுமே எண்ணெய் ஆலைக்குச் செல்கிறது. தோட்டக் கள்ளுக்கடைகளுள் எஞ்சியவை மிகச் சிலவே. அங்கு அமர்ந்திருந்தோரின் பேச்சு எழுத்தில் பதிவானதும் அரிது.

அடுத்த பருவத்தில் 235ஆம் பாடலையும் 1947ஆம் ஆண்டையும் ஒரே வாரத்தில் நடத்தினேன். இம்முறை ஒரு மாணவி வினவினார்: “அந்தக் கடையிலும், கையில் காசில்லாத ஒருவருக்கு இன்னொருவர் வாங்கிக் கொடுத்திருப்பார் அல்லவா, ஐயா?” பாட்டியிடம் கேட்டு எழுதி வருமாறு கூறினேன். நான்கு பக்கம் எழுதி வந்தார்.