இடையோய்வுப் பயிற்சியின் வரலாறு

ஓடுவதனால் மட்டுமன்றி, ஓட்டங்களுக்கிடையே ஓய்வதனாலும் ஓட்டவீரன் வலிமை பெறுவான் என்னும் கருத்து 1930ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் வலுப்பெற்றது. பயிற்றுநர் வோல்டமார் கெர்ஷ்லரும் இருதய வைத்தியர் ஹான்ஸ் ரைன்டெலும் அதனை முறைப்படுத்தினர். குறுந்தூரத்தை விரைந்தோடியதும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை உயரும். அது 120 ஆகத் தணிந்த பின்னரே அடுத்த ஓட்டம். 90 செக்கனுள் தணியாவிடின், ஓட்டம் அளவு கடந்தது என்பது பொருள். ஓய்வு வேளையிலேயே இருதயம் விரிந்து வலுப்பெறுகின்றதென அவர்கள் கருதினர்.

கெர்ஷ்லரின் மாணவர் ருடோல்ஃப் ஹார்பிக், 1939இல் மிலான் நகரில் 800 மீற்றர் தூரத்தை 1 நிமிடம் 46.6 செக்கனில் ஓடி, முந்திய உலக சாதனையை 1.8 செக்கனால் முறியடித்தார். 1944இல் அவர் போர்முனையில் மாண்டார். அவர்தம் சாதனையோ 1955 வரை நிலைத்தது.

ஆயினும், ஒருவரின் வெற்றி ஒரு கொள்கைக்கு முழுச் சான்றாகாது. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாத்தாவும் குழுவினரும் இரு பிரிவினரை நிலைச் சைக்கிளில் 6 வாரம் பயிற்றி ஒப்பிட்டனர். ஒரு பிரிவினர் 60 நிமிடம் மிதமாக உழைத்தனர். மற்றவர் 20 செக்கன் கடுமையாக உழைத்து, 10 செக்கன் ஓய்ந்து, அதனையே 7 அல்லது 8 முறை மீட்டும் செய்தனர். ஒட்சிசனை உட்கொள்ளும் ஆற்றல் இரு பிரிவினர்க்கும் உயர்ந்தது. ஒட்சிசனின்றி உழைக்கும் ஆற்றலோ இரண்டாம் பிரிவினர்க்கே உயர்ந்தது.

இன்றைய ஆய்வாளர், ஓய்வினும், ஒட்சிசன் உட்கொள்ளல் உச்சத்தை அணுகும் கடும் உழைப்பு நேரத்துக்கே முதன்மை தருகின்றனர். விளக்கம் மாறியது, முறை நிலைத்தது. களத்திலே பிறந்த அறிவைச் சோதித்துத் திருத்துதலே விஞ்ஞானத்தின் பணியாகும்.