என்ன படிச்சிருக்கீங்க?: வாசிப்பைப் பகிர்தல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

‘இப்ப என்ன படிச்சுக்கிட்டிருக்கீங்க?’ இலக்கிய நண்பர்கள் இருவர் சந்தித்தால் டீ வருவதற்குள் வந்துவிடுகிற கேள்வி இது. பதிலும் ஏறத்தாழத் தயாராகவே இருக்கும்: மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று, கோட்பாட்டு நூல் ஒன்று, கூடவே ஏதோ ஒரு மறுபதிப்பு. இந்தப் பட்டியல் நூல்களைக் குறித்துச் சொல்வது குறைவு, நம்மைக் குறித்து அறிவித்துக்கொள்வது அதிகம். யார் யாரைக் கேட்கிறார், யாரிடம் இது கேட்கப்படுவதேயில்லை என்று பார்க்கத் தொடங்கினால் இந்தச் சின்னக் கேள்விக்குள் ஒரு அதிகாரத்தின் வரலாறு கிடப்பது தெரியும்.

தமிழில் இக்கேள்வி கேட்கப்பட்ட மிகப் பிரபலமான தருணம் 1880 அக்டோபர் 21, கும்பகோணம். கேட்டவர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். கேட்கப்பட்டவர் அவ்வூர்க் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இருபத்தைந்து வயது சாமிநாதையர். ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணங்களை அடுக்குகிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் சரித்திர’த்தில் ஐயரே இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அன்றிலிருந்து இது நம் ‘மறுமலர்ச்சி’க் கதையாடலின் தொடக்கக் காட்சியாகிவிட்டது. பள்ளிப் பாடம் தொடங்கி ஆய்வேடு வரை எல்லாரும் இதைச் சொல்லி முடித்து, நேராக 1887இல் வந்த சிந்தாமணிப் பதிப்புக்குத் தாவிவிடுகிறார்கள்.

இடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நூல்கள் ஐயரின் படிப்பில் இல்லாமற்போனது தற்செயலில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை மரபில் வந்த சாமிநாத தேசிகர், ‘இலக்கணக் கொத்து’ எழுதியவர், சிந்தாமணி, சிலப்பதிகாரம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு இவற்றிலெல்லாம் வாழ்நாளை வீணாக்குகிறவர்களைக் கடிந்து எழுதியிருக்கிறார். என்ன படிக்கலாம் என்ற பட்டியலை மடம் போட்டுவைத்திருந்தது. அந்தப் பட்டியலைத்தான் ஐயர் முன்சீப்பிடம் ஒப்பித்தார். முன்சீப் கையில் இருந்தது வேறொரு பட்டியல். மடத்தின் அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்திய இடத்தில் புதிதாகப் படித்து உத்தியோகத்துக்கு வந்தவரின் அதிகாரம் உட்கார்ந்துகொண்டது என்றும் இதை வாசிக்கலாம்.

ஆனால் இரண்டு பட்டியலாலும் சிந்தாமணியைத் திறக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார்கள். சைனச் சொற்களும் கருத்துகளும் பிடிபடவில்லை. கடைசியில் ஐயர் அதே ஊரிலிருந்த சைனர் ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறார். சந்திரநாத செட்டியார் என்பது அவர் பெயர். போன அன்று வாசலில் அலங்காரம். விசேஷம் என்னவென்று கேட்டால், சிந்தாமணி படித்து அன்றைக்குத்தான் பூர்த்தி செய்தோம் என்கிறார்கள். வீட்டு விசேஷமாகக் கொண்டாடியிருக்கிறார்கள்! ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர்கள் கேட்க, ஒரு காப்பியம் அந்தத் தெருவில் உயிரோடு இருந்திருக்கிறது.

இந்த ஒரு காட்சி போதும், ‘கண்டெடுத்தல்’ என்கிற சொல்லைச் சந்தேகிக்க. யாருக்குத் தொலைந்த நூல் அது? ஐயரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அவர் அந்த வாசலில் போய்க் கேட்டார், கேட்டதை மறைக்காமல் எழுதினார். பின்னால் வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்கள்தான் அந்த வீட்டை வெறும் அடிக்குறிப்பாக்கினார்கள்.

இதே சிந்தாமணியும் மணிமேகலையும் கொஞ்ச காலம் கழித்து இன்னொரு வாசகர் வட்டத்தில் புழங்கின. 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ (ஒரு வருஷத்தில் ‘தமிழன்’ ஆனது) வார இதழ். பூர்வ பௌத்தத்துக்குச் சான்றாக இந்தக் காப்பியங்களை அதில் மறுவாசிப்புச் செய்துகொண்டே இருந்தார். வாசகர்கள் கேள்வி எழுதிப்போட்டார்கள், அவர் பதில் எழுதினார். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களும் கடல் கடந்து போன தொழிலாளர்களும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். என்ன படிச்சிருக்கீங்க என்று எந்த முன்சீப்பும் கேட்டிராத மனிதர்கள். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அதன்பின் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் நவீன இலக்கிய வரலாறுகளில் இந்த வாசிப்புக்கு இடமேயில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து வெளியிட முடிந்தது. அதையும் சிலர் ‘கண்டெடுத்தல்’ என்றே சொன்னார்கள்.

எழுத்தறிவுக் கணக்கை வைத்து வாசகர்களை எண்ணுவதில் உள்ள கோளாறு இங்கேதான். 1951 கணக்கெடுப்பில் நாடு முழுக்க எழுத்தறிவு 18 சதவீதம் சொச்சம். அதற்காக மிச்சப்பேர் நூலுக்கு வெளியே நின்றார்கள் என்று ஆகிவிடாது. ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் அந்த அளவு எழுத்தில் அச்சானது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்காகவும் விளக்கு வெளிச்சத்துக்காகவும்தான். ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, திண்ணையே கேட்டது.

சுயமரியாதை இயக்கமும் பின்னர் திராவிட இயக்கமும் இந்தப் பழைய வழக்கத்தை அரசியலுக்குத் திருப்பின. 1925இல் வந்த ‘குடி அரசு’, 1942இல் வந்த ‘திராவிட நாடு’ இவற்றின் பிரதி எண்ணிக்கையை மட்டும் வைத்து அவற்றின் வீச்சை அளக்க முடியாது. சலூன், சைக்கிள் கடை, டீக்கடை, மன்றத்துப் படிப்பகம் என ஒரே இதழ் பல காதுகளுக்குப் போனது. அங்கே வாசிப்பவர் பாதியில் நிறுத்தப்படுவார். ‘என்னய்யா சொல்றான், திரும்பப் படி’ என்று ஒருவர் சொல்வார். அர்த்தம் அந்தச் சச்சரவில்தான் உருவாகும். ‘பிரதியை வாசகரே உருவாக்குகிறார்’ என்று இப்போது நாம் மேற்கோளோடு எழுதுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பீடி வலித்துக்கொண்டே செய்தவர்கள்.

இதை ஒரு பொற்காலமாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. எத்தனையோ ஊர்களில் அதே டீக்கடையில் இரட்டை டம்ளர் இருந்தது. சமத்துவம் பற்றிய தலையங்கத்தை ஒரே நேரத்தில் கேட்டவர்களில் சிலர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள், சிலர் வெளியே குத்தவைத்துக் கேட்டார்கள், தங்கள் டம்ளரைத் தாங்களே கழுவி வைத்தார்கள். செய்தி பொதுவானது, பெஞ்ச் பொதுவாகவில்லை. கோலாரில் தனி வட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சிறுபத்திரிகை மரபு வேறு வழியில் போனது. 1959இல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அவர் தேடிப்போனது தனியறையில் மௌனமாகப் படிக்கும் ஒருவனை. (‘ஒருவனை’ என்றே எழுதுகிறேன். அன்றைய சிறுபத்திரிகை வாசகன் ஏறத்தாழ ஆண்தான்.) குறுக்கிட்டுக் கேட்கிற காது அங்கே கிடையாது. நாமெல்லாம் அந்த ஒருவனின் வாரிசுகள்.

ஐம்பதுகளில் டீக்கடையிலும் படிப்பகத்திலும் காதால் வாசித்த சிறுவர்கள் இப்போது எண்பதை ஒட்டியவர்கள். என்ன வாசிக்கக் கேட்டீர்கள், எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னீர்கள், அப்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று டேப் ரிக்கார்டரோடு, இப்போதானால் செல்பேசியோடு, நம்மில் எத்தனை பேர் போய்க் கேட்டிருக்கிறோம்? எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். ‘எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி’ என்று தொடங்கியவர், ஒரு மணி நேரம் பேசினார்.