நம் கரையோரத்தின் நீதிமனைகள்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோயிற் கல்வெட்டிலே தேடுவோர் பலர். கோட்டுப் படிக்கட்டிலே தேடுவோர் சிலரே. ஆயினும் காணி எல்லை, சீதனம், தென்னந்தோட்டம், உப்பளம், கரைவலைப் பங்கு என மக்களின் வாழ்வும் தாழ்வும் கற்பிட்டி, புத்தளம், சிலாபம் ஆகிய ஊர்களின் நீதிஸ்தலங்களிலேதான் பேசித் தீர்க்கப்பட்டன.

முற்காலத்தில் நீதிக்கெனத் தனி மாளிகை இருந்ததில்லை. பெரியோர் கூடிய இடமே நீதிமன்றம். புத்தளத்திலே முக்குவர் தலைவர்கள் சபையாக அமர்ந்து, தம் வழமைப்படி வழக்குத் தீர்த்து வந்தனர். பின்னர் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டினர். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த மதில், செங்கல் வளைவு கொண்ட வாயில் ஆகியவற்றை இன்றும் காணலாம். அதிகாரம் மதிலுக்குள்ளே சென்றது; குடியானவன் வாயிலுக்கு வெளியே நின்றான்.

1795இல் ஆங்கிலேயர் கற்பிட்டியைக் கைப்பற்றினர். எனினும் இலங்கை முழுவதற்கும் ஒரே அமைப்பான நீதிமுறை வந்தது 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்தாலேதான். கமரன் என்பாரின் ஆலோசனைப்படி மாவட்ட நீதிமன்றங்கள், அதாவது நம் முன்னோர் சொன்ன 'டிஸ்திரிக்குக் கோடுகள்', நிறுவப்பட்டன. நீதிபதியுடன் மூன்று துணையாளர் அமர்ந்து வழக்கைக் கேட்க வேண்டும் என்றும் அப்பட்டயம் விதித்தது. பழைய ஊர்ச்சபையின் சாயல் புதிய மன்றத்திலும் சிறிது நின்றது எனலாம்.

அக்காலத்து நாட்டுப்புறக் கோடுகளின் அமைப்பிலே ஒரு பொருத்தம் உண்டு. உயர்ந்த ஓட்டுக் கூரை வெப்பத்தைத் தடுக்கும். அகன்ற சாளரங்கள் கடற்காற்றை வரவிடும். சுற்றிலும் நீண்ட விறாந்தை. வழக்காளியும் சாட்சியும் காலை முதல் காத்திருப்பது அங்கேதான்; பிரக்கிராசிமார் கட்சிக்காரரோடு காதோடு காது பேசுவதும் அங்கேதான். உள்ளே உயர்ந்த மேடையில் நீதிபதி. அதன் கீழே முதலியாரின் மேசை. ஒருபுறம் சாட்சிக் கூடு. மறுபுறம் குற்றவாளிக் கூண்டு. இவற்றிடையே துவிபாஷிகர் நிற்கும் இடம் சிறியது. ஆனால் நீதியின் உயிர்நிலை அதுவே. சாட்சி சொன்னது ஒன்று, நீதிபதி கேட்டது வேறொன்று என்றாகிவிட்டால், எவ்வளவு உயர்ந்த கூரையும் நீதியைக் காக்க மாட்டாது.

இங்கே நாம் பெருமையோடு நினைக்க வேண்டியவர் சைமன் காசிச்செட்டி. 1807இல் கற்பிட்டியிலே பிறந்த இவர், பல மொழிகள் கற்றவர். புத்தளத்தின் மணியகாரராக இருந்தவர். 1834இல் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டவர். 1838 முதல் 1845 வரை சட்ட நிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக விளங்கியவர். பிற்காலத்தில் சிலாபத்தின் மாவட்ட நீதிபதியானார். தமிழ்ப் புலவர் பலரின் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' என்னும் அவரது ஆங்கில நூல் 1859இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். இக்கரையோரத்து மக்களின் மொழியும் வழமையும் அறிந்த ஒருவர் இக்கரையோரத்திலேயே நீதிபதியாக அமர்ந்தமை, அந்நிய ஆட்சிக் காலத்தில் சிறிய செய்தியன்று.

மொழிப் பிரச்சினை அவரோடு முடியவில்லை. ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்க 1961இல் சட்டம் வந்தது. 1988இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம், சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்றது. மன்றத்தின் பதிவுமொழி சிங்களமாயிருக்கும் இடத்திலும் தமிழிலே வழக்குத் தொடுக்கலாம். அம்மன்றத்தின் மொழி அறியாதவர் அரசின் செலவில் மொழிபெயர்ப்பைக் கோரலாம். இவ்வுரிமையை அறியாமல், விளங்காத தாளிலே கையொப்பமிட்டுக் காணியை இழப்பவனுக்குச் சட்டப் புத்தகத்தால் என்ன பயன்?

வாலிபர்களே! பழைய கட்டடங்கள் இடிபடுமுன் அவற்றின் படத்தையும் அளவையும் பதிந்து வையுங்கள். பெரியோர்களே! அந்த விறாந்தைகளிலே நீங்கள் கண்டதையும் கேட்டதையும் இளையோருக்குச் சொல்லி வையுங்கள். அயலிலே வழக்கு வந்தவருக்கு அவரது மொழியுரிமையை எடுத்துரைத்து, உடன் சென்று நிற்பது நம் எல்லோர்க்கும் உரிய கடமை. சுவர் நிலைத்தாற் போதாது. அதனுள்ளே சொல்லப்படும் சொல் விளங்க வேண்டும். அப்பொழுதே அது நீதிமனையாகும்.