அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

கல்லூரி ஆசிரியர் சங்கம் என்று சொன்னாலே நம்ம பிள்ளைகள் பலருக்கு ஒரு சலிப்பு வருகிறது. "அவங்க சம்பளக் கமிஷனுக்குக் கொடி பிடிப்பாங்க தோழர், நமக்காக எப்ப பிடிச்சாங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சங்கத்தை நாம் கைகழுவிவிடக் கூடாது என்பது என் கட்சி. அதைச் சொல்ல கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது, அமெரிக்கா வரைக்கும். காரணமில்லாமல் போகவில்லை. அந்தக் கதையின் தொடக்கத்திலேயே நம்ம பாபாசாகேப்பின் வாத்தியார்கள் இருக்கிறார்கள்.

கல்விச் சுதந்திரம் என்றால் என்ன? ஆசிரியர் ஒருவர் தான் ஆராய்ந்து கண்டதை வகுப்பில் சொன்னாலும், எழுதினாலும், வெளிமேடையில் பேசினாலும் அதற்காக அவர் வேலை போகக் கூடாது. அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட சம்பவங்களில் முக்கியமானது 1900இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. எட்வர்டு ராஸ் என்கிற பேராசிரியரை, பல்கலைக்கழகத்தை நிறுவிய குடும்பத்தின் திருமதி ஸ்டான்ஃபோர்டு வேலையைவிட்டு அனுப்ப வைத்தார். ராஸ் பொதுவுடைமைப் பக்கம் சாய்வாகச் சில விஷயங்கள் பேசியவர். அதோடு ஆசியாவிலிருந்து கூலி வேலைக்கு வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது என்றும் பேசினவர். ஸ்டான்ஃபோர்டு குடும்பத்தின் சொத்தோ ரயில்பாதையில் வந்தது. அந்தப் பாதையைப் போட்டதில் பெரும்பங்கு சீனக் கூலிகளுடையது. முதலாளியம்மா ஒருபுறம், இனவெறி பேசும் பேராசிரியர் மறுபுறம். பாதை போட்ட கூலிக்காரனுக்கு அந்தச் சண்டையில் வாயே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராஸுக்காக ராஜினாமா செய்தவர்களில் லவ்ஜாய் என்கிற தத்துவப் பேராசிரியரும் ஒருவர். ராஸ் விவகாரத்தை விசாரிக்கப் பொருளாதார அறிஞர்கள் அமைத்த குழுவுக்குத் தலைவர் கொலம்பியாவின் செலிக்மன். 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் உருவானபோது முதல் தலைவர் ஜான் டூயி. அதே வருசம் அந்தச் சங்கம் கல்விச் சுதந்திரம் பற்றி வெளியிட்ட கொள்கை அறிக்கையை எழுதிய குழுவுக்கும் செலிக்மன்தான் தலைவர். டூயியும் செலிக்மனும் கொலம்பியாவில் யாருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்? 1913 முதல் 1916 வரை அங்கே படித்த மகார் மாணவர் பீமராவ் அம்பேத்கருக்கு. அவர் எம்.ஏ. பட்டம் வாங்கியது அந்த 1915இல்தான்.

அறிக்கை வந்தாச்சு. காப்பாற்றியதா? 1917இல் அதே கொலம்பியா, போருக்கு எதிராகப் பேசினார்கள் என்று கேட்டல், டேனா என்ற இருவரை வெளியே அனுப்பியது. வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்டு கோபத்தில் ராஜினாமா செய்தார். அறிக்கை அறிக்கையாகவே இருந்தது. நல்ல மனிதர்களின் நல்ல வார்த்தைக்கு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது.

அடுத்த வருசம், 1918 கடைசியில், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியர் ஆனார். உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் தங்கள் தண்ணீர்ப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை ஆட்சேபித்தார்கள். செலிக்மன் குழுவின் அறிக்கையில் இதற்கு என்ன பதில் இருக்கிறது? ஒன்றுமில்லை. அது பேசும் உரிமையைப் பற்றியது. பானையைப் பற்றியது அல்ல. கருத்து சொன்னதற்காக விரட்டப்பட்டவனுக்கு அதில் இடமுண்டு. பிறந்ததற்காக ஒதுக்கப்பட்டவனுக்கு இடமில்லை.

சங்கங்களின் லட்சணத்தையும் அம்பேத்கர் பார்த்தவர். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களை விடமாட்டார்கள். நூலை வாயால் ஈரமாக்கிக் கோர்க்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு! 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேருங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அவர் வற்புறுத்த வேண்டியிருந்தது. அவர்களாகச் சேர்க்கவில்லை. அதற்காக அவர் சங்கமே வேண்டாம் என்று போய்விட்டாரா? இல்லை. 1938இல் மன்மாட்டில் தலித் ரயில்வே தொழிலாளர்களிடம், உங்களுக்குப் பார்ப்பனியமும் முதலாளியமும் ஆக இரண்டு எதிரிகள் என்றார். அதே வருசம் வேலைநிறுத்த உரிமையை முடக்க வந்த பம்பாய் மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கினார். 1943இல் வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, முதலாளி சங்கத்தை அங்கீகரித்தே தீர வேண்டும் என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த நோக்கத்தோடு 1947இல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை.

அங்கீகாரம் ஏன் அவ்வளவு முக்கியம்? அங்கீகாரம் இருந்தால்தான் கூட்டுப்பேரம். கூட்டுப்பேரம் என்றால் மனுக் கொடுப்பதல்ல. நிர்வாகம் மேசைக்கு வந்தே ஆக வேண்டும். பேசி முடித்தது ஒப்பந்தமாகும். ஒப்பந்தத்தை மீறினால் முறையீடு, அதற்கு மேல் நடுவர். கெஞ்சிக் கேட்டது உரிமையாக மாறுவது அங்கேதான். அதனால்தான் ஆசிரியர்களை அந்த மேசைக்கு வரவிடாமல் தடுக்க எல்லா ஊரிலும் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், அங்கே பேராசிரியர்கள் தொழிலாளிகள் அல்ல, நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் நம்ம உச்சநீதிமன்றம், ஆசிரியப் பணி உன்னதமான பணி, ஆகவே தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்றது. அங்கே 'நீ அதிகாரி'. இங்கே 'நீ உன்னதமானவன்'. ரெண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: வாயை மூடு.

நான் முப்பது வருசம் வகுப்பெடுத்தவன். சந்தா பாக்கி வைக்காத சங்க உறுப்பினன். அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில், பணிமூப்பில் எனக்குக் கீழே இருந்தவரைத் துறைத்தலைவர் ஆக்கினார்கள். சங்கக் கிளையில் போய்ச் சொன்னேன். "இது சாதிப் பிரச்சினை சார். சங்கப் பிரச்சினையா இதக் கொண்டுபோக முடியாது" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட கோடு இருக்கே, சாதி ஒருபக்கம் சங்கம் ஒருபக்கம், அந்தக் கோட்டை அழித்த ஒரு சம்பவத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கலிபோர்னியா மாநிலம் தன் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமையை 1978இல் சட்டமாகக் கொடுத்தது. அப்போது இருபத்துமூன்று வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் தலித் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைப் பேச ஆரம்பித்தார்கள். ஈஸ்ட் பே வளாகத்தில் சமூகப்பணி படித்த நேபாளத் தலித் பிரேம் பரியார் அவர்களில் ஒருவர். 2021 ஏப்ரலில் மாணவர் பேரவை, பாகுபாட்டுக்கு எதிரான விதியில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆசிரியர் சங்கமான கலிபோர்னியா ஃபேக்கல்டி அசோசியேஷன் அதைக் கையில் எடுத்துத் தன் ஒப்பந்தப் பேச்சிலேயே வைத்தது. சம்பளம், வேலைப்பளு, இதோடு சாதி. ஒரே மேசை, ஒரே பட்டியல். 2022 ஜனவரியில் பல்கலைக்கழகம் முழுவதற்குமான விதியில், இனம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், நிறம், பூர்வீகம் ஆகியவற்றோடு சாதி என்ற சொல்லும் ஏறியது.

சும்மா விட்டார்களா? எண்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இது இந்திய, இந்து ஆசிரியர்களைத் தனியாகக் குறிவைக்கிறது என்றார்கள். 2022 அக்டோபரில் இரண்டு பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் கீழ்நீதிமன்றத்திலும் 2025இல் மேல்முறையீட்டிலும் அது நிற்கவில்லை. சாதிப் பாகுபாடு காட்டும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்றால் இந்த விதியால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்ற இடத்தில் வழக்கு விழுந்தது. நம்ம ஊர்க் கிழவி கேட்கிற கேள்விதான் அது: மடியில் கனம் இல்லேன்னா வழியில் என்னய்யா பயம்?

கலிபோர்னியா முழுமைக்குமாகச் சாதியைத் தடைசெய்ய மசோதா வந்தது. சட்டமன்றம் நிறைவேற்றியது. 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்துவிட்டார். சட்டமன்றத்தில் ஜெயித்தும் அந்தச் சொல் ஆளுநரின் ஒரு கையெழுத்தில் போய்விட்டது. சங்கத்தின் மேசையில் ஜெயித்தது வழக்கையும் தாண்டி நின்றது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு சொல் ஏறிவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சொல் இருக்கிறவரை ஒரு தலித் ஆசிரியர் முறையீடு எழுதும்போது, 'சாதின்னா என்ன' என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பயப்படாமல் பேசுவதற்குக் காலுக்குக் கீழே கொஞ்சம் தரை கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த கல்விச் சுதந்திரம் அதுதான். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவனுக்கு எந்த அறிக்கையும் சுதந்திரம் தராது. நம்ம கல்லூரிகளில் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பேர் வைத்திருக்கிறார்களே, கௌரவம் பேரில் இருக்கிறது, நிரந்தரம் எங்கேயும் இல்லை. அந்த வரிசையில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் வகுப்பில் அம்பேத்கரைச் சொல்லிக்கொடுக்க யோசிக்கிறார்கள் என்றால் அது கோழைத்தனம் இல்லை, வயிறு.

ஆகவே சங்கத்தைவிட்டு வெளியே வராதீர்கள். உள்ளே போங்கள். அடுத்த கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது எதிரே உட்காருங்கள். இடஒதுக்கீட்டுப் பின்னடைவுப் பணியிடம், பணிமூப்பு, ஆய்வு மாணவர்களை நடத்தும் விதம், எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். சாதிப் பிரச்சினை வேறு, சங்கப் பிரச்சினை வேறு என்று யாராவது சொன்னால், 1928இல் பம்பாயில் அம்பேத்கர் கேட்டதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். எழுதினால்தான் சந்தா என்று சொல்லுங்கள்.