மணமும் மூளையும்: தீவகப் பெயர்கள் காட்டும் ஒரு வரலாறு

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதன் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. இவற்றுட் பின்னைய இரு நகரங்களும், மணத்தை மாந்தர் ஆராய்ந்த வரலாற்றோடு தொடர்புடையன என்பது பலர் அறியாதது.

தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் முறையால் அடுக்குமிடத்து மூக்கறிவை மூன்றாவதாக வைக்கின்றது. எனினும் ஒரு மணத்தை மற்றொன்றினின்றும் உயிர் எவ்வாறு பிரித்தறிகின்றது என்னும் வினா நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது.

அறிஞர் முதலில் மேற்கொண்டது வகைப்படுத்தலே. இயற்கைப் பொருள்களை முறைப்படுத்திய தம் நூலை 1735இல் லெய்டனில் வெளியிட்ட லினேயசு, 1752இல் மணங்களை ஏழு வகுப்புக்களாகப் பிரித்தார். 1857இல் ஹார்லெமிற் பிறந்த சுவார்தமேக்கர், மணத்தை அளக்கும் கருவியை 1888இல் அமைத்தார். 1895இல் வகுப்புக்களை ஒன்பதாக்கினார். ஆயினும் இவை மணங்களுக்கு இட்ட பெயர்களேயன்றி மூளையின் தொழிலை விளக்குவன அல்ல. பெயரோ மாறும் இயல்பினது. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்னும் சொல், இன்று தீய மணத்தையே குறிக்கின்றதன்றோ?

விடைக்கு வழி திறந்தது 1991இல் ஆகும். லிண்டா பக், றிச்சாட் அக்செல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும், மணவாங்கிகளை ஆக்கும் மரபணுக்களின் பெருங்குடும்பத்தை எலியிடத்துக் கண்டனர். 2004இல் நோபெல் பரிசு பெற்றனர். மனிதரிடத்து இவ்வாங்கிகள் ஏறத்தாழ 400 வகைப்படும். மூக்கினுள் உள்ள மண நரம்புக்கலம் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு வகை வாங்கியையே தாங்கும். ஒரே வகையைத் தாங்கும் கலங்களின் இழைகள், மூளையின் முன்னுள்ள மணக்குமிழிற் குறித்த முடிச்சுக்களில் வந்து கூடும். ஒரு மணப்பொருள் பல வாங்கிகளைத் தூண்டும்; ஒரு வாங்கி பல பொருள்களுக்கு இசையும். ஆதலின் மணத்தை உணர்த்துவது தனி வாங்கியன்று. தூண்டப்பெற்றவை அனைத்தும் கூடிய கோலமே. 12 உயிரும் 18 மெய்யும் கூடி அளவிறந்த சொற்களை ஆக்குதல் இதற்கு உவமையாகும்.

இக்கோலத்தை மூளைப்புறணி முன்னுணர்ந்தவற்றோடு ஒப்பிட்டு அறிகின்றது. மணக்குமிழினின்றும் செல்லும் நரம்புகள், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை அணித்தாகவே அடைகின்றன. 1990, 1991ஆம் ஆண்டுகளிற் போரினால் தீவகத்தை விட்டகன்றோர்க்கு, ஒடியற்கூழின் மணம் பிறந்த ஊரையே கண்முன் நிறுத்துவதன் காரணம் இதுவே. ஹார்லெம் என்னும் பெயர் நயினாதீவில் வழக்கிறந்தது. அத்தீவின் மணமோ, கடல் கடந்து வாழ்வோர் மூளையிலும் அழியாது பதிந்துள்ளது.