ஈம் கிராமத்துத் தேவாலயமும் ஒரு சாவுப் பதிவேடும்

ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'ஏயம்' என்றுதான் வாய் போகும். ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பகுதியில் இருக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள்தான் பிழைப்பு. நடுவில் புனித லாரன்ஸ் பெயரில் ஒரு ஆங்கிலிக்கன் தேவாலயம். வெளிச்சுவரில் 1775இல் வைத்த சூரியக் கடிகாரம். கல்லறைத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டுச் சாக்சன் கற்சிலுவை. தண்டின் ஒரு துண்டு எங்கேயோ தொலைந்துபோய், குள்ளமாக நிற்கிறது.

இங்கிலாந்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட கோயில்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஈம் வேறாகிப்போனது 1665 செப்டம்பரில்.

அதற்கு முன் 'சேகரம்' பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் சிஎஸ்ஐ சபையினர் இன்றும் புழங்கும் இந்தச் சொல், அங்கே வெறும் ஞாயிறு ஆராதனைக்கான எல்லை இல்லை. பிறப்பு, கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைத்தது சேகரக் கோயில்தான். தசமபாக வரி அங்கே போனது. ஏழைகளுக்கு உதவிப்பணம் அங்கிருந்து வந்தது. 1662இல் வந்த ஒரு சட்டப்படி, பிழைக்கப் போன ஊரில் சுமையாகிவிடுவான் என்று தோன்றும் ஏழையை அவனுடைய சொந்தச் சேகரத்துக்கே திருப்பி அனுப்பலாம். கோயில் என்பது கிட்டத்தட்ட தாலுகா ஆபீஸ். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அதே 1662இல் இன்னொரு சட்டமும் வந்தது. அரசர் திரும்பிவந்து, புதிய பொது ஜெப புத்தகமும் வந்தது. அதை ஏற்காத குருமார்கள் வெளியேற வேண்டும் என்றார்கள். தாமஸ் ஸ்டான்லி என்ற பியூரிட்டன் போதகர் ஈமில் பல வருடங்கள் ஊழியம் பார்த்தவர். அவர் ஏற்கவில்லை, பதவி போயிற்று. ஊரைவிட்டு மட்டும் போகவில்லை. 1664இல் வில்லியம் மாம்ப்சன் வந்தார். இளைஞர், மனைவி கேத்தரின், இரண்டு சிறு பிள்ளைகள். ஊர் பழைய ஆளை நினைத்துக்கொண்டு புதியவரைப் பார்த்திருக்கும். பழைய போதகரும் அதே தெருவில் நடமாடினால் புதியவர் பாடு எப்படியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1665இல் லண்டனில் கொள்ளைநோய். அங்கிருந்து ஒரு துணிப்பெட்டி ஈமுக்கு வருகிறது. ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற தையல் வேலைக்காரர் பிரிக்கிறார். துணி ஈரமாக இருந்ததால் கணப்படுப்பின் முன் விரித்துக் காயவைத்தார், அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் சூட்டில் உயிர்பெற்றன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. செப்டம்பர் 7 அன்று அவர் பெயர் அடக்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அடுத்த சில வாரங்களில் அந்த வீடு, பக்கத்து வீடு. குளிர்காலத்தில் நோய் தணிந்தது. முடிந்துவிட்டது என்றுகூட நினைத்திருப்பார்கள். 1666 ஜூனில் மறுபடி கிளம்பியது.

இப்போதுதான் மாம்ப்சனும் ஸ்டான்லியும் கைகோர்க்கிறார்கள். ஒருவர் வேலையை இழந்தவர், மற்றவர் அந்த வேலையில் உட்கார்ந்திருப்பவர். ஊர் கேட்க வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேச வேண்டும் என்பது இருவருக்கும் புரிந்திருக்க வேண்டும். மூன்று முடிவுகள். செத்தவர்களை அவரவர் குடும்பமே, வீட்டுத் தோட்டத்திலோ வயலிலோ உடனே புதைத்துக்கொள்ள வேண்டும். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, ஆராதனையைக் கக்லெட் டெல்ஃப் என்ற திறந்த பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று நடத்துவது. ஊர் எல்லையை யாரும் தாண்டக்கூடாது.

பக்கத்திலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷர் பிரபு உணவும் மருந்தும் அனுப்ப ஒத்துக்கொண்டார். எல்லையில் ஒரு கல். அதன் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு வருவார்கள். வெளியூர்க்காரர்கள் பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

ஆகஸ்ட்தான் உச்சம். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். ஊருக்கு வெளியே ரைலி என்ற இடத்தில் அந்தக் கற்களைச் சுற்றி ஒரு வட்டச்சுவர் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழி தோண்டுவதை எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நவம்பர் முதல் தேதி கடைசிச் சாவு. பதிநான்கு மாதத்தில் செத்தவர்கள் 260 பேர் என்பது வழக்கமான கணக்கு. இதை '350 பேர் ஊரில் 260 சாவு' என்று சொல்லிவந்தார்கள். பிறகு வந்த ஆராய்ச்சியில் ஊர் அதைவிட மிகப் பெரியது, எழுநூறுக்குக் குறையாது என்று தெரியவந்தது. நம்மிடம் இருக்கும் பதிவேடும் மூலப்பிரதி கிடையாது, பிற்காலத்தில் பார்த்து எழுதிய படி.

சரி, தியாகக் கதை. ஊரே சேர்ந்து அண்டை ஊர்களைக் காப்பாற்றத் தன்னைப் பலியிட்டது என்று பாடப்புத்தகம் முதல் சுற்றுலாப் பலகை வரை சொல்கின்றன. இந்த வடிவம் அப்போதே வந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே தேவாலயத்துக் குருவின் மகள், கவிஞர் ஆனா செவார்ட் போன்றவர்கள் எழுதினார்கள். 1842இல் உள்ளூர்க்காரர் வில்லியம் வுட், வாய்வழிக் கதைகளைத் திரட்டி ஊர் வரலாறு போட்டார். அதற்குப் பிறகுதான் ஈம் ஒரு யாத்திரைத் தலம் மாதிரி ஆனது. 2006இல் பேட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டது என்று ஒவ்வொரு அடுக்காகப் பிரித்துக் காட்டினார்.

என் சந்தேகம் எளிமையானது: போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள். மாம்ப்சனே தம் பிள்ளைகள் இருவரையும் யார்க்ஷருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, எந்த அப்பனும் செய்வான். ஈயம் வெட்டிப் பிழைத்தவனுக்கு யார்க்ஷரில் யார் இருந்தார்கள்? சேகரத்தைத் தாண்டினால் உதவிப்பணம் கிடையாது. ஈமிலிருந்து பக்கத்துச் சந்தைக்குப் போன ஒரு பெண்ணை அடையாளம் கண்டு கல்லாலும் மண்ணாலும் அடித்து விரட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதையே உண்டு. அப்படியென்றால் அவர்கள் தங்கினார்களா, தங்கவைக்கப்பட்டார்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வேறு வழியில்லாதவன்கூட, இருக்கும் இடத்தில் ஒழுங்காக இருப்பதா இல்லையா என்று தினமும் முடிவெடுத்தாக வேண்டும். ராத்திரியில் மலையேறி ஓடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பெரும்பாலோர் ஓடவில்லை.

கேத்தரின் பிள்ளைகளோடு போகவில்லை. கணவர் பக்கத்திலேயே இருந்தார். 1666 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். அவருடைய கல்லறை தேவாலய வளாகத்திலேயே, சாக்சன் சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாரும் வயலில் புதைத்துக்கொண்டிருந்த மாதத்தில் குருவின் மனைவிக்குக் கோயில் மண் கிடைத்தது. இதைச் சலுகை என்பதா, மனைவியை இழந்தவரின் பலவீனம் என்பதா? இந்த ஊரைப் பற்றிப் படித்ததில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான்.

1866இல் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். இன்றும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று கோயிலிலிருந்து கக்லெட் டெல்ஃபுக்கு ஊர்வலம் போகிறார்கள். 1985இல் இந்தக் கதையைச் சொல்லும் வண்ணக்கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள்.

கொள்ளைநோய் ஓய்ந்த பிறகு, ஸ்டான்லியை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று சிலர் டெவன்ஷர் பிரபுவிடம் போய் நின்றார்கள். சட்டத்துக்குக் கட்டுப்படாதவராம்! பிரபு மறுத்துவிட்டார். 1670இல் ஈமிலேயே ஸ்டான்லி செத்தார். அதற்குள் மாம்ப்சன் நாட்டிங்ஹாம்ஷரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நோய் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து அங்கத்துச் சனங்கள் அவரை ஊருக்குள் விடவில்லை. கொஞ்ச காலம் ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றுதான் பிரசங்கம் செய்தார்.